நானா கேட்ட ட்ரோ

முகத்தை மட்டும் திறந்துவிட்டு, "கடைசியாப் பாக்கிற ஆக்கள் பாத்துக்கொள்ளுங்க" என்று யாரோ சொன்னதும் நஸ்ரியா பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். அஸர் தொழுகைக்குள் அவளுடைய அண்ணனான நானாவை அடக்கத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதற்குள் அவள் அவருக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

பாஹிம் நானாவுக்கு ஒரு செஸ் ஆட்டத்தை ஒழுங்காக முடிக்கத் தெரியாது. தோல்வி நிச்சயம் என்றாலும் கைகொடுத்து எழும்பமாட்டார். தனி ராஜாவோடு பலகை முழுக்க ஓடுவார். செக்கும் இல்லாமல், நகர இடமும் இல்லாமல் முடங்கி ஆட்டம் சமநிலையானால், "ட்ரோதானே" என்று வென்றவர் மாதிரிச் சிரிப்பார். வாயால் மட்டும் ஒருநாளும் ட்ரோ கேட்டதில்லை.

பதினாறு வயதில் நஸ்ரியா கொழும்புப் போட்டிக்குத் தெரிவானபோது, எதிரே பொடியன்கள் இருப்பார்கள் என்று வாப்பாவிடம் சொல்லி மறித்தவர் அவர்தான். அதைப்பற்றி இருவரும் பிறகு கதைத்ததே இல்லை. அவருக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு, வெள்ளிக்கிழமைகளில் தன் வீடிருக்கும் ஓர்ஸ் ஹில்லிலிருந்து கிண்ணியாப் பாலம் தாண்டி வந்து அவரோடு விளையாடினாள்.

போன வெள்ளி, கோட்டையை நகர்த்திவிட்டு, "தங்கச்சி, ட்ரோ பண்ணுவமா?" என்றார். வெல்லும் நிலையில் இருந்தவர் அவர். கொழும்புக் கணக்கைத் தீர்க்கத்தான் கேட்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. இத்தனை வருசத்துக்கும் ஒரு ட்ரோவா என்று நெஞ்சு கொதித்தது.

"வாற வெள்ளி சொல்றன்" என்று எழும்பிவிட்டாள். இன்று வியாழன்.

நானாவின் மனைவி றஹ்மா அவள் கையைப் பிடித்தாள். "மச்சி, பலகையை ஒருத்தரையும் தொடவிடயில்ல. நீங்க வேணாமெண்டு சொல்லுமட்டும், இல்லாட்டி ஒரு காயைத் தொடுமட்டும், கேட்ட ட்ரோ கேட்டதுதானாம். நேத்தும் கேட்டவர், நஸ்ரியா போன் எடுத்தவளா எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லையெண்டுதான். வேற என்னத்தச் சொல்ற."

வெளியே நானாவின் மகன் ஸப்வானின் குரல் உடைந்து கேட்டது. "எங்கட வாப்பா ஆருக்காவது பிழை செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சுப் பொருந்திக்கொள்ளுங்க."

"பொருந்திட்டம்" என்றது முற்றம். பெண்களும் சொன்னார்கள். நஸ்ரியாவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஆத்திரம் இன்னும் போகவில்லை, அவரை அனுப்பவும் மனமில்லை. முகத்தை மூட வந்த துணியை எட்டிப் பிடித்தாள்.

"கொஞ்சம் பொறுங்க. ஒரு சொல்லு."

"மாமி, நேரம் போகுது" என்றான் உள்ளே வந்த ஸப்வான்.

முகத்தை மூடி, சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். வாசல்வரை ஓடினாள். அதற்கு மேல் பெண்கள் போவதில்லை. கலிமாச் சத்தம் தெருமுனையில் திரும்பித் தேய்ந்தது.

அறையில் பலகை அப்படியே இருந்தது. கோட்டையை ஒரு கட்டம் தள்ளி வைத்திருந்தால் அன்றைக்கே அவர் வென்றிருப்பார். அது அவருக்குத் தெரியாமலிருக்க வழியில்லை.

ட்ரோ என்றால் இரண்டு ராஜாக்களையும் நடுவில் எதிரெதிரே வைத்துவிட்டு எழும்புவது சின்ன வயதிலிருந்து அவர்கள் வழக்கம். கையை நீட்டியவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். சொல்லாமல் தொட்டால் மறுத்ததாகிவிடும்.

வெறும் கட்டிலைப் பார்த்து, "ஓம் நானா" என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள்.

பிறகு ராஜாக்களை எடுத்து நடுவில் வைத்தாள். மற்றக் காய்கள் இருந்த இடத்திலேயே நின்றன.