ரோமுலோவின் பூஜ்யம்

பெரு நாட்டின் அரேக்கிப்பா நகரில் மின்பொறியாளராக முப்பது வருடம் வேலை பார்த்த நெலிதாவுக்கு, பழைய நாட்கள் என்றாலே நுழைவுத்தேர்வுக்குப் படித்த அந்தக் கோடைகாலம்தான். பூங்கா பெஞ்சில் அவளும் பக்கத்து வீட்டு ரோமுலோவும். நடுவில் ஒரு பொட்டலம் வறுத்த சோளமும் கொஞ்சம் ஆலிவ் காய்களும். சோளம் நேர்மின்னூட்டம், ஆலிவ் எதிர்மின்னூட்டம்.

அன்றைய கணக்கில் மூன்று மின்னூட்டங்கள் ஒரே கோட்டில் நின்றன. இடது ஓரத்தில் நேர் நான்கு, நடுவில் நேர் ஒன்று, வலது ஓரத்தில் எதிர் ஒன்பது. நடுவிலிருந்து இடப்பக்கம் இரண்டு மீட்டர், வலப்பக்கம் மூன்று. நடுவில் இருப்பதன் மேல் மொத்த விசை என்ன?

"பூஜ்யம்," என்றான் ரோமுலோ. "தூரத்தோட வர்க்கத்தால வகுத்தா இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் மைனஸ் ஒண்ணு. கழிஞ்சு போச்சு."

"மண்டு! இவன் பின்னாலேர்ந்து தள்றான், அவன் முன்னாலேர்ந்து இழுக்கறான். நடுவுல இருக்கறவன் சும்மா நிப்பானா? குறியைக் கணக்குல போடாதடா. விசை எவ்வளவுன்னு மட்டும் பாரு. எந்தப் பக்கம்னு கோட்டைப் பாத்துச் சொல்லு."

"அப்போ ரெண்டு. வலப்பக்கம்."

"அப்பாடா!"

"சரி, அந்த ஆலிவ நான் தின்னுக்கறேன்."

தேர்வில் கிட்டத்தட்ட அதே கணக்கு வந்தது. நெலிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவசரத்தில் மூன்றாவது எண்ணின் முன்னால் இருந்த சின்னக் கோட்டைக் கவனிக்கவில்லை. எல்லாமே நேர் என்று நினைத்துப் பூஜ்யத்தைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

பட்டியல் ஒட்டிய அன்று அவள் பெயர் இல்லை. ஒரே ஒரு கேள்வியில் போயிருந்தது.

மறுநாள் ரோமுலோ வந்தான். பிப்ரவரி வெயிலில் தலையில் கம்பளித் தொப்பி. அவள் அதைப் பிடுங்கினாள். மொட்டைத் தலை. அந்த ஊரில் தேர்வில் தேறிய பையன்களுக்கு வீட்டார் அடிக்கும் மொட்டை.

"மறைச்சுக்கிட்டா வர்றே, கழுதை?"

"உன் முன்னால எப்படிடி காட்டுவேன்? நீ சொல்லிக் கொடுத்துதான் அந்தக் கணக்கையே போட்டேன்."

முதலில் சிரித்தாள். பிறகு அழுகை வந்தது. அவள் நிறுத்தும்வரை, அவன் பையில் கொண்டுவந்த வறுத்த சோளத்தை ஒவ்வொன்றாகக் கொறித்துக்கொண்டிருந்தான்.

அந்த வருடம் முழுக்க ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல், கல்லூரிக் குறிப்புகளோடு பெஞ்சுக்கு வந்தான். "குறியைப் பாத்தியா? இன்னொரு வாட்டி பாரு," என்று நச்சரித்தான். அவளுக்கு எரிச்சலாக வரும், ஆனாலும் பார்ப்பாள்.

அடுத்த பிப்ரவரியில் அவளும் தேறினாள். கத்தரிக்கோலோடு வந்து நின்றவனை அவள் அம்மா வாசலிலேயே மறித்துச் சண்டை போட்டாள். கடைசியில் பின்னல் நுனியில் இரண்டு விரல் அளவு வெட்டலாம் என்று முடிவானது. மொத்தத் தெருவும் பார்க்க, மிகுந்த மரியாதையோடு அவன் அதை வெட்டினான்.