நெல் கிடங்கில் முகூர்த்தம்

கீழச்சிவல்பட்டியில் தேனம்மை ஆச்சி தன் பெரிய வீட்டின் கல்யாணக் கூடத்தை அரசாங்கத்துக்கு நெல் கிடங்காக வாடகைக்கு விட்டிருந்தார். எழுபத்திரண்டாம் வருஷம் அங்கே காவலுக்கு இருந்தவன் சோணை. வேலை தற்காலிகம். நிரந்தரமானால்தான் பெண் என்று மாமன் கருத்தையா கறாராகச் சொல்லிவிட்டார். மாமன் மகள் ஒச்சம்மாளும் எத்தனை நாள்தான் வருகிற வரன்களை எல்லாம் தட்டிக் கழிப்பாள்? மதுரையிலிருந்து அதிகாரி சத்தியமூர்த்தி வந்து, கிடங்கைப் பார்த்து நல்லபடியாக எழுதிவிட்டால் காரியம் முடிந்தது. வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல்.

வியாழக்கிழமை ஆச்சி மகளுக்குக் கல்யாணம். பரம்பரை வீட்டில்தான் தாலி ஏற வேண்டும், சத்திரமெல்லாம் ஆகாது என்று ஆச்சி வந்து நின்றார். கூடம் நிறைய நெல் கிடக்கிறதே என்றான் சோணை.

"வீட்டத்தானப்பா வாடகைக்கு விட்டேன், எம்மக முகூர்த்தத்தையுமா விட்டேன்?"

சோணை மூட்டைகளைச் சுவரோரமாக முழங்கால் உயரத்துக்கு வரிசையாக அடுக்கி, மேலே ஜமக்காளம் விரித்தான். மிச்சத்தைப் பின்கட்டுக்குத் தள்ளினான். கல்யாணம் முடிந்த கையோடு எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும் என்பது அவன் கணக்கு.

சொன்ன நாளில் வந்தால் அவர் என்ன அதிகாரி? வியாழக்கிழமை காலையிலேயே சத்தியமூர்த்தி கையில் பையோடு வாசலில் வந்து நின்றார்.

செட்டிநாட்டில் வீட்டுக்கு வந்தவரை வீட்டார் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து 'வாங்க' சொல்ல வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் அது ஜென்மப் பகை. கல்யாண வீட்டில் வந்தவரை யாரென்று கேட்பது அதைவிடப் பெரிய குற்றம். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு மனிதர் என்று நினைத்தார்கள். கிடங்கு எங்கே என்று கேட்க அவர் வாய் திறக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் வந்து 'வாங்க' என்றார். கும்பிட்டு நிமிர்வதற்குள் அடுத்தவர் வந்தார். பன்னீர் தெளித்தார்கள், மாலை போட்டார்கள். ஜமக்காளத்தில் மாப்பிள்ளையைப் பெற்ற அப்பச்சிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டோவும் எடுத்தாயிற்று. பந்தியில் கந்தரப்பம் விழுந்த பிறகு அவரே கேள்வியை மறந்துவிட்டார்.

பையைப் பார்த்ததுமே அதிகாரி என்று தெரிந்துகொண்ட சோணை தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். ஒச்சம்மாள் வேறு யார் வீட்டுக்கோ விளக்கேற்றப் போகிறாள் என்று நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்து, பழைய இடத்திலேயே சாய்ந்து வெற்றிலை மென்ற அதிகாரி அவனைக் கைகாட்டி அழைத்தார்.

"ஏம்ப்பா, இங்க அரசாங்கக் கிடங்கு ஒண்ணு இருக்காமே. எங்க இருக்கு?"

"அய்யா, அதுமேலதான் உக்காந்திருக்கீக."

சத்தியமூர்த்தி மெல்லுவதை நிறுத்தினார். ஜமக்காளத்தின் ஓரத்தைத் தூக்கினார். மூட்டையில் அரசாங்க முத்திரை. கழுத்து மாலையைப் பார்த்தார், போட்டோக்காரரைப் பார்த்தார். இதை மேலே எழுதினால் சாட்சிக்கு அந்தப் படம் வரும். படத்தின் நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு இருப்பது அவர்தான். மெதுவாகப் பையைத் திறந்து குத்தூசியை எடுத்தார். மூட்டையில் குத்தி, உள்ளங்கையில் விழுந்த நெல்லை முகர்ந்தார்.

"நல்லாத்தான் காஞ்சிருக்கு. எலி இருக்கா?"

விடிந்ததிலிருந்து தவில் அடிக்கிற வீட்டில் எலி எப்படித் தங்கும்? இல்லை என்று சோணை சொன்னது சத்தியமான உண்மை.

ஆவணியில் உத்தரவு வந்தது, சோணை நிரந்தரமானான். கல்யாணத்தை அந்தக் கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாமே, உட்கார இடமும் இருக்கிறதே என்றார் கருத்தையா. சோணைக்கு வந்ததே கோபம்.

"அது அரசாங்கச் சொத்து மாமா. அங்குட்டெல்லாம் கல்யாணம் வைக்கப்படாது."

கோயிலில் தாலி கட்டினான். அதிகாரியும் வந்திருந்தார். மாலையும் கழுத்துமாக மணமக்கள் எழுந்து, ஆளுக்கொரு தடவை 'வாங்க' சொன்னார்கள். சத்தியமூர்த்தி இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டார். பிறகு, அங்கே விரித்திருந்த ஜமக்காளத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.