பந்து வராத பக்கம்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. நல்ல சிரிப்பு இல்லை. போன திங்கட்கிழமை பக்கத்து வீட்டுச் சமையலறையில், சிவப்பு பீன்ஸும் சோறும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, மேசைமேல் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனுக்குள்ளிருந்து ஒரு பெண் சிரித்தாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. வயிறு எரிந்தால் சிலர் மோர் குடிப்பார்கள். நான் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரன் ஆர்லிஸ் கில்லரி. இந்த ஷ்ரீவ்போர்ட்டில் பிறந்தவன். வடக்கே ஒரு குளிர் ஊரின் அணிக்காகத் தொழில்முறை ஃபுட்பால் ஆடியவன், கையால் எறிந்து பிடிக்கிற அமெரிக்க ஃபுட்பால். (அணியின் பெயரை எழுத மாட்டேன். அவர்களுக்கு என்னிடம் ஓசி விளம்பரம் கிடையாது.) அவன் வைட் ரிசீவர். களத்தின் ஓரத்தில் நின்று, ஆட்டம் கிளம்பியதும் தலைதெறிக்க ஓடி, எறிகிற பந்தைப் பிடிப்பது அவன் வேலை.

[பிடிப்பது வேலை என்று எழுதிவிட்டேன். எறிந்தால்தானே பிடிக்க?]

போனில் பேசியவள் அணியின் அலுவலகத்துப் பெண். பத்து வருடத்துக்கு முன் கோப்பையை வென்று கொடுத்த அந்தக் கடைசி ஓட்டத்தை, அதே ஆட்களை வைத்து இந்த ஞாயிறு மைதானத்தில் திரும்ப ஓடிக் காட்டப் போகிறார்களாம். அன்று பந்தைப் பிடித்த டெய்ன் மெர்சருக்குச் சிலை திறப்பாம். ஆர்லிஸ் அன்று ஓடியதையே ஓட வேண்டுமாம்.

"மெதுவா ஓடினாப் போதும், ஜாலிக்குத்தான்" என்றாள்.

ஆர்லிஸ் போனைக் கிட்டே இழுத்துக்கொண்டான். "இந்தத் தடவை பந்த எங்கிட்ட எறியச் சொல்ல முடியுமாங்க?"

அதற்குத்தான் சிரித்தாள். "நீங்க செம தமாஷான ஆளு."

அவன் தமாஷ் பண்ணவில்லை.

2

முதல் தொடக்கம்: "விளக்கொளியில் சுழன்றபடி பந்து மேலே எழும்பியது. எழுபதாயிரம் பேர் மூச்சைப்"

அடித்துவிட்டேன். பாருங்கள், என் புத்தியும் பந்தின் பின்னாலேயே போகிறது.

இரண்டாவது: "ஆர்லிஸ் கில்லரி ஒரு மறக்கப்பட்ட வீரன்." தூ. மறக்க வேண்டுமென்றால் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது, உண்மையானது: ஆர்லிஸின் வேலை வராத பந்துக்காக ஓடுவது. எதிரணித் தடுப்பாளர்கள் இரண்டு பேரைப் பின்னால் இழுத்துக்கொண்டு அவன் இடப்பக்கம் ஓடுவான். பந்து வலப்பக்கம் மெர்சரிடம் போகும். பயிற்சியாளர் அவனைத் தூண்டில் புழு என்று செல்லமாகக் கூப்பிடுவாராம். செல்லத்தைப் பாருங்கள்.

பந்து வராது என்று தெரிந்தே எப்படி அப்படி ஓடினாய் என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"நடிச்சாக் கண்டுபிடிச்சிருவாங்க மிஸ்டர் செல்வா. எதுக்க நிக்கிறவன் என் கண்ணத்தான் பாப்பான். அதனால வரும்னு நெசமாவே நம்பி ஓடணும். ஒவ்வொரு தடவையும்."

ஆறு வருடம் நம்பியிருக்கிறான். இதை எழுதும்போது எதையாவது போட்டு உடைக்கலாம் போலிருக்கிறது.

3

கோப்பை வென்ற அன்றைய ஒளிபரப்பில், தொடக்கத்தில் இடது ஓரமாக ஒரு கால் தெரியும். அது ஆர்லிஸ். அப்புறம் கேமரா பந்தோடு வலப்பக்கம் திரும்பிவிடும். மெர்சர் தாவிப் பிடிக்கிறான், மைதானமே எழுந்து குதிக்கிறது, அணிக்காரர்கள் எல்லாரும் அவன்மேல் விழுந்து உருள்கிறார்கள்.

கேமரா பார்க்காததை நான் எழுதுகிறேன். இடப்பக்கத்தில் ஆர்லிஸ் திரும்பி இரண்டு கைகளையும் தூக்கினான். அவனைத் துரத்தி வந்த தடுப்பாளன் முழு வேகத்தில் அவன் இடுப்பில் மோதினான். எலும்பு குழியைவிட்டுக் கழன்றது. சொந்த அணிக்காரன் ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டவன் மோதியவன்தான்.

"மன்னிச்சுக்கப்பா. பந்து உங்கிட்டதான் வருதுன்னு நெனச்சேன்."

"நானும்தான்" என்றான் ஆர்லிஸ்.

[இந்த இடத்தில் ஒரு உவமை வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன்.]

அதுதான் அவன் ஆடிய கடைசி ஆட்டம். இப்போது அந்த இடுப்பில் இரும்பு இருக்கிறது. ஓடவே கூடாது, விழுந்தால் நடையும் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

4

இங்கே எனக்கு என் கதாபாத்திரத்தின்மேலேயே சந்தேகம் வருகிறது. அந்தச் சிரிப்புக்குப் பிறகும் "சரி, வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தான். இவன் அப்பாவியா, இல்லை வடிகட்டின முட்டாளா?

அவன் மனைவி ஷனீஸ் கரண்டியைப் பாத்திரத்துக்குள் வீசினாள்.

"எதுக்குய்யா போற?"

"அது என் ஆட்டம்."

"ஒன் ஆட்டமா? அந்தச் சிலையில ஒன் சுண்டுவிரலாச்சும் இருக்கா?"

"நான் அந்த ரெண்டு பேர இழுத்துட்டுப் போகலேன்னா மெர்சர் கிழிச்சிருப்பான்."

"இத எங்கிட்டச் சொல்லு. ஊருக்கு யாரு சொல்றது?"

"அதுக்குத்தான் போறேன். அவ்ளோ கூட்டத்துல ஒருத்தனாவது இந்தப் பக்கம் பாக்க மாட்டானா?"

"விழுந்தா?"

அவன் பீன்ஸைக் கிளறினான்.

"விழுந்தா நான்தானே தூக்கணும். இத்தன வருஷமா ஒனக்குக் குனிஞ்சு ஷூ மாட்டி விடறது நான், டெய்ன் மெர்சர் இல்ல. மிஸ்டர் செல்வா, சும்மா சோத்தப் பாத்துட்டு இருக்காம நீங்க கேளுங்க, இந்த ஆளுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கான்னு."

நான் கேட்கவில்லை. எனக்கு அவன்மேலும் கோபம், சிரித்தவள்மேலும் கோபம், சிலை செய்தவன்மேலும் கோபம். வாயைத் திறந்தால் மரியாதை கெட்டுவிடும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

5

முடிவு அ: ஆர்லிஸ் போகவில்லை. அவன் இடத்தில் வேறொருவனை ஓடவிடுகிறார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. (இது நிச்சயம் நடக்கும். அதனாலேயே வேண்டாம்.)

முடிவு ஆ: போகிறான், ஓடுகிறான், விழுகிறான். வலப்பக்கம் கைதட்டல் ஓயவில்லை. ஷனீஸ் (வேண்டாம். அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?)

முடிவு இ: கதை என்னுடையதுதானே, எவனைக் கேட்க வேண்டும்? பந்தை ஆர்லிஸிடமே எறிந்துவிட்டேன். பிடித்தான். சிலைக்குப் பக்கத்தில் நின்ற மெர்சர் வாயைப் பிளந்தான். எழுதிய சூட்டோடு வேலியோரம் போய், புல் வெட்டிக்கொண்டிருந்தவனிடம் அவன் பாஷையில் சொல்லிக் காட்டினேன்.

ஆர்லிஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பாவம் பாத்து எறியற பந்த நான் பிடிக்க மாட்டேன் மிஸ்டர் செல்வா."

"அப்ப என்னத்தத்தான்யா எழுதறது?"

"நான் ஓடறத எழுதுங்க. நல்லா ஓடுவேன்."

6

ஆகவே முடிவு கிடையாது. நீங்கள் கோபித்துக்கொள்ளலாம், எனக்குத் துணைக்கு ஆள் கிடைத்த மாதிரி இருக்கும். பந்து எங்கே போனதென்று எழுதினால் உங்கள் கண்ணும் அந்தக் கேமராவைப் போல அங்கேதான் ஓடும்.

இருவரும் இன்று காலை விமானம் ஏறிவிட்டார்கள். ஷனீஸ் வாசலிலிருந்து கார்வரைக்கும் திட்டிக்கொண்டே போனாள். அலுவலகத்துப் பெண் மெர்சரின் சிலைக்கு நேரெதிரே நல்ல இடம் தருகிறேன் என்றாளாம். ஷனீஸ் வேண்டாமென்று சண்டை போட்டு, இடது ஓரத்தில் முதல் வரிசையில் ஒரு இருக்கை வாங்கியிருக்கிறாள். அவள் பக்கத்து இருக்கை காலி. அது உங்களுக்கு.

உட்காருங்கள். கூட்டம் எழுந்து நிற்கிறது, பந்து கிளம்பிவிட்டது. வலப்பக்கம் சத்தம் கேட்கும். திரும்பாதீர்கள். அதோ ஆர்லிஸ் ஓடி வருகிறான். லேசாக நொண்டுகிறான். காலைப் பார்க்காதீர்கள், கண்ணைப் பாருங்கள். இப்போது திரும்புகிறான், இரண்டு கைகளையும் தூக்குகிறான், பந்து தனக்குத்தான் வருகிறதென்று