தில்லையம்பலம் ஒளித்த போத்தில்

சனிக்கிழமை காலை பத்தரைக்கு பேஸ்மென்ரில் ஏதோ வெடித்தது. பிரியந்தன் சமையலறையில் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தான். துவக்குச் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு ஆப்பிள் வாசம் படியேறி வந்தது.

கீழே, உடுப்புத் தோய்க்கும் அறையில், தட்டில் அடுக்கியிருந்த, அவன் ஆப்பிள் சாற்றில் செய்த சைடர் மதுப் போத்தில்களில் மூன்றைக் காணவில்லை. அவை இருந்த இடத்தில் ஈரம். சுவரெல்லாம் ஈரம். கண்ணாடித் துண்டு ஒன்று கதவுப் பலகையில் ஆழமாக ஏறி நின்றது. அவனுடைய இடுப்பளவு உயரம். நாலு வயதுப் பிள்ளையென்றால் முகத்தளவு.

அப்போதுதான் நினைவு வந்தது. மகள் தீப்தி மில்லிக்கனில் மாமா வீட்டில் இருந்தாள். அங்கேயும் ஒரு போத்தில் இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன், ஆடியில், மனைவி சாம்பவி இறந்துபோனாள். அதன்பிறகு அவன் நாக்குக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சோறும் கடதாசியும் ஒன்றுதான். கூட வேலைசெய்யும் நிசாந்தன் ஒருநாள் அவனை டான்ஃபோர்த்திலிருந்த ஆங்கிலேய பப் ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே மரக் கைப்பிடியை இழுத்து இழுத்து, நிலவறைப் பீப்பாயிலிருந்து ஏல் என்ற பியரை எடுத்து ஊற்றினார்கள். வெளியிலிருந்து வாயு ஏற்றாத, பீப்பாய்க்குள்ளேயே பக்குவப்பட்ட ஏல்.

“என்னடா, ஆறின தேத்தண்ணி மாதிரிக் கிடக்கு.”

“மூடிக்கொண்டு குடி. குளிர் கூடினா நாக்கு விறைச்சுப்போம், ருசி தெரியாது.”

மூன்றாவது மிடறில் ருசி தெரிந்தது. கருகிய பாண் ஓரம், பிறகு கசப்பு, கடைசியில் தோடம்பழத் தோல். அடுத்த கிழமை சைடர் குடித்தான். கலங்கல் நிறம், இனிப்பே இல்லை, ஆப்பிள் தோலின் துவர்ப்பு பல்லில் நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் போனான். ஒரு கிளாஸ், மிஞ்சினால் இரண்டு. கதையில்லை. குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கு இரவுச் சாப்பாடு கொஞ்சம் இறங்கியது.

ஐப்பசியில் ஒரு தோட்டத்தில் ஆப்பிள் சாறு வாங்கிவந்து, வாசற்படிக்குக் கீழே இருக்கும் குளிர் அறையில் தானே நொதிக்க வைத்தான். தையில் குமிழி நின்றது. நொதித்து முடிந்துவிட்டது என்று நினைத்தான். முடியவில்லை, ரொறன்ரோக் குளிரில் தூங்கிப்போயிருந்தது. அது தெரியாமல், குடிக்கும்போது நுரைக்கட்டும் என்று போத்திலுக்கு ஒரு கரண்டி சீனியும் போட்டு, இருபத்துநாலு போத்திலைக் கம்பி மூடியால் இறுக்கி அடைத்தான். போன கிழமை அவற்றைச் சூடான அறைக்கு மாற்றினான். சூட்டில் அது எழும்பி, அடைத்த போத்திலுக்குள் வாயுவை நிரப்பிவிட்டது. கதவில் நின்ற கண்ணாடியைப் பார்த்தபடியே இவ்வளவும் விளங்கியது.

நிசாந்தனுக்குக் கொடுத்த இரண்டும் அன்றைக்கே முடிந்தன. சாம்பவியின் தகப்பன், மாமா தில்லையம்பலம், அப்படியில்லை. டொக்டர் குடிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். மாமி இராஜேஸ்வரி அதற்குக் காவல். கராஜில் வைத்துப் போத்திலை வாங்கி ஜக்கெற்றுக்குள் செருகிக்கொண்டு, “மாமிக்கு மூச்சு விடாதையும்” என்றார் அவர். அவர் ஒளித்து வைத்துத்தான் குடிப்பார். அந்த வீட்டில் ஹீற்றர் ஒருநாளும் இருபத்துநாலு டிகிரிக்குக் கீழே இறங்காது.

வீட்டுப் போனுக்கு அடித்தான். மாமா எடுத்தார்.

“மாமா, நான் தந்த போத்தில் எங்கை?”

“ஆ... ஓம் தம்பி, ஓம். இஞ்சை மாமி பக்கத்திலைதான் நிக்கிறா. சுகமா இருக்கிறா.”

“மாமா, கேளுங்கோ. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு—”

“ஓம் ஓம், பிறகு கதைப்பம் என்ன?”

வைத்துவிட்டார். திரும்ப அடித்தான். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. மாமியின் போன் நேரே குரல்பதிவுக்குப் போனது.

மக்கோவன் வீதியில் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக அவனை நிறுத்தின. ஸ்ரியரிங்கைப் பிடித்திருந்த கை நழுவியது, வேர்வை. சாம்பவியின் ஆஸ்பத்திரி நாட்களில்கூட அவன் இப்படி வேர்த்ததில்லை. அங்கே டொக்டர்மார் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். இங்கே சொல்ல ஆளில்லை. இந்த நிமிடமா, நாளைக்கா, ஏற்கெனவே முடிந்துவிட்டதா?

கதவைத் திறந்த மாமா உதட்டில் விரலை வைத்தார்.

“மாமா, போத்தில் எங்கை?”

“என்ன போத்தில்?” சமையலறையிலிருந்து மாமியின் குரல்.

“ஒண்டுமில்லையப்பா, உது கார் கண்ணாடி கழுவுற போத்தில்!” என்றார் மாமா திரும்பிப் பார்க்காமல்.

பிரியந்தன் அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் முன்னால் காலுக்கு மேல் கால் போட்டு இருந்ததுகூட இல்லை. “என்ரை வீட்டிலை மூண்டு வெடிச்சிட்டுது மாமா. கண்ணாடி கதவுக்குள்ளை ஏறி நிக்குது. பிள்ளை எங்கை?”

“போத்தில் கீழை, ஃபேர்னஸுக்குப் பின்னாலை,” என்றார் மாமா.

கரண்டியோடு வெளியே வந்த மாமி, “பிள்ளை கீழைதானே விளையாடுது” என்றாள்.

படிகளை எப்படி இறங்கினான் என்று தெரியவில்லை. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் மெசினின் பின்னால் தூசியில் ஒரு வட்டம் இருந்தது. போத்தில் இல்லை.

பக்கத்து அறையில் யாரோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது.

தீப்தி சூட்டுக் காற்று வரும் துவாரத்தடியில் சப்பாணி கட்டி இருந்தாள். மடியில், ரோசாப்பூத் துவாயால் சுற்றிய போத்தில். மூடி அவளுடைய நாடிக்குக் கீழே நின்றது. ஒரு கையால் தட்டித் தட்டி அதை நித்திரையாக்கிக்கொண்டிருந்தாள்.

அவன் ஓடவில்லை. ஓடினால் அவளும் எழும்பி ஓடுவாள். அது அவர்களுடைய வழக்கமான விளையாட்டு.

“என்ன செய்யிறாய் செல்லம்?”

“ஷ்ஷ். பேபி ஸ்லீப்பிங்.”

“பேபிக்கு வெக்கையா இருக்கு. அப்பாட்டைத் தாறியோ?”

“நோ. மை பேபி.” இன்னும் இறுக்கி அணைத்தாள். “வை ஆர் யூ ஷேக்கிங், அப்பா?”

“குளிருது.”

“இட்ஸ் ஹாட் ஹியர்,” என்றாள் சிரித்துக்கொண்டு.

அவன் தன் இறகு அடைத்த தடித்த ஜக்கெற்றைக் கழற்றிக் கார்ப்பெற்றில் விரித்தான். “இஞ்சை பார், பேபிக்குப் புதுக் கட்டில். நீயே கிடத்து.”

அவள் யோசித்தாள். அது எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியாது. பிறகு முழங்காலில் நகர்ந்து வந்து போத்திலைக் கிடத்தினாள். ஜக்கெற்றின் ஒரு கையை மடித்துப் போர்த்தினாள். அது சரியில்லை என்று திரும்ப எடுத்து மடித்தாள். கடைசியாகக் குனிந்து மூடிக்கு ஒரு கொஞ்சு கொடுத்தாள்.

அவன் அவளைப் பறித்தெடுத்து, படியில் நின்ற மாமியின் கையில் திணித்தான். “மேலை போங்கோ. யன்னல் கண்ணாடிக்குக் கிட்ட நிக்காதேங்கோ.”

ஜக்கெற்றைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். துணிக்கூடாகச் சூடு தெரிந்தது. முகத்தை ஒரு பக்கம் திருப்பியபடி பேஸ்மென்ரின் பின்கதவால் ஏறினான். பங்குனி மாதத்துப் பனி முற்றத்தில் இன்னும் முழங்காலளவு கிடந்தது. குவியலில் பொதியை வைத்தான். பின்னுக்கு வந்தான். எட்டு அடி, ஒன்பது அடி.

ஜக்கெற் துள்ளியது. சத்தம் பெரிதாக இல்லை, துணி விழுங்கிவிட்டது. கிழிசலுக்குள்ளால் வாத்து இறகுகள் கிளம்பி முற்றமெல்லாம் பறந்து, மஞ்சள் நுரையில் ஒட்டிக்கொண்டன.

அவன் படியில் இருந்துவிட்டான். உள்ளே தீப்தி தன் பேபியைக் கேட்டுக் கத்தியழும் சத்தம் கேட்டது. அழட்டும். அந்தத் தொண்டை அழட்டும்.

பிள்ளையை ரீவீக்கு முன்னால் விட்டுவிட்டு மாமி வெளியே வந்தாள். பின்னால் மாமா. மாமி இறகுகளைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

“வீட்டிலை இன்னும் எத்தினை கிடக்கு?”

“பதினெட்டு.”

“என்ன செய்யப் போறீர்?”

“போய் ஒவ்வொண்டா வெளியிலை எடுத்து வைக்கவேணும்.”

“தனியவோ?”

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தான். நேற்றென்றால் சுலபமாகச் சொல்லியிருப்பான். தனக்கு ஏதும் நடந்தால் நடக்கட்டும் என்றுதான் எட்டு மாதமாகக் கார் ஓடினான், ரோட்டைக் கடந்தான். இப்போது அந்தச் சொல் வரவில்லை. கதவில் நின்ற கண்ணாடித் துண்டுதான் கண்ணுக்குள் வந்தது.

“பயமா இருக்கு மாமி,” என்றான்.

மாமி அவனுடைய தோளில் கையை வைத்தாள். பிறகு மாமாவிடம் திரும்பினாள். “நிண்டு பாத்தது காணும். ஃபயர்காரருக்கு அடியுங்கோ.”

“என்னெண்டு சொல்லுறது?”

“உள்ளதைச் சொல்லுங்கோ. ஒருநாளைக்காவது.”

மாமா போனைக் காதில் வைத்தார். “ஹலோ... மை சன்-இன்-லாஸ் ஹவுஸ்... மெனி பொட்டில்ஸ்... சைடர், யெஸ்...” மறுபக்கம் ஏதோ கேட்டார்கள். “நோ, நோ,” என்றார் அவசரமாக. “ஐ டோன்ற் ட்ரிங்க்.”

மாமி கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்தார். அவள் அதைப் பிரியந்தனிடம் கொடுத்தாள். அவன் தன் விலாசத்தைச் சொல்லத் தொடங்கினான்.