தண்ணிப்பன்னியின் மூச்சு

அன்று படகில் ஐந்து பேர் இருந்தோம். மலைமேல் இருக்கும் புதூர்நாட்டு அருணகிரியாகிய நான். என் மனைவி மங்கம்மாள். எங்கள் புளியை வருஷா வருஷம் எடுக்கும் திருப்பத்தூர் மண்டிக்காரர் ராஜாக்கண்ணு. அவர் மனைவி வெள்ளையம்மாள். படகுக்காரர் ஆதிநாராயணன், தெலுங்குக்காரர், அந்தமானிலேயே குடியேறியவர். இந்த ஐந்து பேரைத் தவிர நடந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. இப்போது ஊரில் பேசுகிறவர்களில் ஒருவரும் அங்கே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1983, தை மாதம். என் மகனுக்குத் திருப்பத்தூர் தபால் ஆபீசில் வேலை. பெற்றவர்கள் ஊர் சுற்றிப் பார்க்க அரசாங்கமே செலவு கொடுக்கும் என்று சொல்லி அந்தமானுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டான். மெட்ராஸிலிருந்து போக மூன்று நாள், வர மூன்று நாள். நடுவில் நாலு நாள் கப்பல் துறைமுகத்தில் நிற்கும். அந்த நாட்களில் சின்னப் படகுகளில் கூட்டிப்போய்க் கடல் பிராணிகளைக் காட்டுவார்கள். சேதி கேட்டு ராஜாக்கண்ணுவும் மனைவியோடு சேர்ந்துகொண்டார்.

புறப்படுவதற்கு முன் நெல்லிவாசலிலிருந்து என் மச்சினன் சின்னராசு வந்தான். பத்துப் பேர் இருக்கும்போது கேட்டான்.

"மாமா, எங்க அக்கா பஸ்ஸுல ஏறினாலே வாந்தி எடுக்கும். அதப் போய் கடல்ல கூட்டிம்போறீங்களே. ஏதாவது ஆச்சின்னா எங்க வூட்டுக்கு இன்னா பதில் சொல்லுவீங்க?"

நான் எழுந்துபோய்ச் சாமி விளக்கைத் தொட்டேன். "கூட்டிம்போன மாதிரியே கூட்டியாருவேன்" என்றேன். எங்கள் குடும்பத்தில் விளக்கைத் தொட்டுச் சொன்ன சொல் தவறியது கிடையாது. என் அப்பா தவறவில்லை, அவருடைய அப்பாவும் தவறவில்லை.

கப்பல் ஏறிய அன்றைக்கே கரை மறைந்தது. மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்கு எதிரில் இன்னொரு மலை நிற்கும். இங்கே பார்வையைத் தடுக்க ஒன்றும் இல்லை. தோளில் கிடந்த கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா கவுண்டரே, கரடிக்கே பயப்படாத ஆளு, உப்புத் தண்ணியப் பார்த்து மூஞ்சி செத்துப்போச்சே?" என்றார் ராஜாக்கண்ணு.

மங்கம்மாள் பதில் சொன்னாள். "கரடி எதிர்ல வர்றது, பார்த்துக்கலாங்க. இது அடியில இல்ல இருக்குது."

மூன்று நாளும் வாந்தி எடுத்தவள் வெள்ளையம்மாள். மங்கம்மாள் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. சின்னராசு இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

துறைமுகத்தில் நின்ற மூன்றாம் நாள் காலையில் ஆதிநாராயணன் எங்களை மரப் படகில் ஏற்றிக்கொண்டு ஒரு தீவை ஒட்டி நிறுத்தினார். எஞ்சினை அணைத்துவிட்டு, அடியில் கண்ணாடி பதித்த ஒரு மரப்பெட்டியைத் தண்ணீரில் வைத்தார். மங்கம்மாள்தான் முதலில் குனிந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது, சீத்தாப்பழத்த ஆட்டுக்குட்டி பெருசுக்குச் செஞ்சி வெச்சிருக்குது!" என்று சிரித்தாள். பவளப்பாறையைத்தான் சொன்னாள். அதைச் சுற்றி மஞ்சளும் நீலமுமாக மீன்கள்.

நானும் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அந்தத் தண்ணீர் காற்றுபோலத் தெளிவாக இருந்தது. வெகு ஆழத்தில் மணலும் அதன்மேல் எங்கள் படகின் நிழலும் தெரிந்தன. மலை விளிம்பில் நின்று கீழே திருப்பத்தூர்ச் சமவெளியைப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஆனால் காலுக்குக் கீழே பாறை இல்லை, ஒரு பலகை இருந்தது. இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்க புல்லு மேய தண்ணிப்பன்னி வரும்மா" என்றார் ஆதிநாராயணன். "கடல் பசுன்னும் சொல்லுவாங்க. ஆளை ஒண்ணும் செய்யாது. அசையாம உக்காந்திருக்கணும், அவ்ளோதான்."

"பன்னியா? கவுண்டரே, துப்பாக்கி எடுத்தாரலையா?" என்றார் ராஜாக்கண்ணு. நான் சிரிக்கவில்லை.

எங்கள் மலையில் முதுகுக்குப் பின்னால் கரடியின் மூச்சு கேட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஓடக் கூடாது, உட்காரவும் கூடாது. அந்த நொடியே எழுந்து, கம்பளியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்து, பெரிய உருவமாக நின்று கத்த வேண்டும். உட்கார்ந்திருக்கிறவன் முகத்தைத்தான் கரடி பிய்க்கும். எட்டு வயதில் கற்றது இது. கடுக்காய் பொறுக்கப் போன இடத்தில் இரண்டு தடவை என் உயிரைக் காப்பாற்றியது.

எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று தெரியாது. வெயில் ஏறியிருந்தது. அப்போது என் முதுகுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், அந்த மூச்சு கேட்டது. கனமாக, ஈரமாக, மூக்கைத் திறந்து விடுகிற மூச்சு. கரடியின் மூச்சேதான்.

நான் எழுந்தேன். கம்பளியை விரித்தேன். கத்தினேன். என் வேட்டியை யாரோ கீழே இழுத்தார்கள். "உக்காருங்க!" என்ற குரலும் கேட்டது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வேட்டியை இழுத்த கை விட்டுவிட்டது. நான் பலகைமேல் விழுந்தேன். நிமிர்ந்தபோது மங்கம்மாள் இருந்த இடம் காலியாக இருந்தது.

தண்ணீர் தெளிவாக இருந்ததால் எல்லாமே தெரிந்தது. அவள் கீழே போய்க்கொண்டிருந்தாள். சேலை விரிந்து, கை மேலே நீண்டு, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தாள். அந்தச் சாம்பல் நிறப் பிராணி எங்கள் பக்கமே திரும்பாமல் தூரமாகப் போய்விட்டது. ஆதிநாராயணன் குதித்தார். நானும் விளிம்பில் கால் வைத்தேன். ராஜாக்கண்ணு என் இடுப்பைக் கட்டிப் பிடித்து என்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீச்சல் தெரியுமாய்யா உனக்கு? நீயும் போனா ரெண்டு பொணம்! உக்காரு!"

ஐம்பத்தாறு வயதில் என்னை ஒருமையில் அதட்டியவர் அவர் ஒருவர்தான். உட்கார்ந்தேன். வெள்ளையம்மாள் முருகனைக் கூப்பிட்டு அழுதாள். எனக்கு எந்தச் சாமியின் பெயரும் வாயில் வரவில்லை. நான் தொட்ட விளக்குதான் கண்ணில் நின்றது.

ஆதிநாராயணன் மங்கம்மாளைக் கொண்டையைப் பிடித்துத்தான் மேலே கொண்டுவந்தார். வேற்று ஆண் தொட்டார் என்று அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. குப்புறப் போட்டு முதுகை அழுத்தினார். தண்ணீர் வந்தது, பிறகு இருமல், பிறகு மூச்சு. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தவள், "கம்பளி நனஞ்சிடுச்சா?" என்றாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். திரும்பும் கப்பலில் அவளுக்குக் காய்ச்சல் பிடித்தது. உப்புத் தண்ணீர் நெஞ்சில் தங்கிவிட்டது என்றார் கப்பல் டாக்டர். ஊசி போட்டார், கரை சேர்ந்தால் பார்க்கலாம் என்றார். கப்பலில் இறந்தவர்களைக் கரைவரை கொண்டுபோக மாட்டார்கள், துணியில் கட்டிக் கடலிலேயே விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை வெள்ளையம்மாள் என்னிடம் வந்து சொன்னாள். அதற்குப் பிறகு மூன்று நாளும் மங்கம்மாள் பக்கத்தைவிட்டு நான் எழுந்திருக்கவில்லை. அவள் ஒவ்வொரு மூச்சும் கனமாக, ஈரமாக வந்தது. படகில் என் முதுகுக்குப் பின்னால் கேட்ட அதே மூச்சு. அன்று அது கேட்டதும் பயந்து எழுந்தேன். இப்போது அது நின்றுவிடுமோ என்று பயந்து உட்கார்ந்திருந்தேன்.

நிற்கவில்லை. மெட்ராஸில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஊர் திரும்பினோம். ஜீப்பைவிட்டு இறங்கும்போது சின்னராசு நின்றிருந்தான். அக்காவின் ஒட்டிப்போன கன்னத்தையும் இருமலையும் பார்த்தான்.

"இன்னா மாமா இது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மங்கம்மாள் சொல்லிவிட்டாள். "நான்தான்டா. அந்தப் பிராணி மூச்சு விட்டதுல பயந்து எழுந்து நின்னுட்டேன். படகு சாஞ்சிடுச்சி. உங்க மாமா இல்லாங்காட்டி நான் இல்ல."

"அடி அக்கா! மாமா பேரையே கெடுத்திருப்பியே!" என்று அத்தனை பேர் முன்னால் அவளைத் திட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். ஊர்வரை துணைக்கு வந்திருந்த ராஜாக்கண்ணு என் முகத்தைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன். "ஏம்மே அப்படி சொன்னே?"

"விளக்கத் தொட்ட வாய்க்குக் கெட்ட பேரு வரக் கூடாதுங்க" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

நாலு வருஷம் ஆகிறது. ஜீப் மேட்டில் குலுங்கினால் பெண்கள் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி, "மங்கம்மா மாதிரி எழுந்து நிக்காதடி" என்கிறார்கள். போன ஆடித் திருவிழாவில் அவள் நிற்கும்போதே ஒருவன் அவளைப்போல நடித்துக் காட்டினான். அவளும் சிரித்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். குடும்ப மானம் என்று நான் காத்துவந்தது அவள் தலையில் ஏறி உட்கார்ந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். தை பிறந்தால் அந்த இருமல் வருகிறது. இந்த வருஷம் கூடுதலாக இருக்கிறது. இரவில் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன். அவள் காது கேட்கச் சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போட எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் சின்னராசுவை வரவழைத்து அவள் எதிரிலேயே படித்துக் காட்டுவேன்.

மங்கம்மாள் பயந்து எழுந்து நின்றதால் படகு சாய்ந்தது என்று புதூர்நாட்டிலும் நெல்லிவாசல்நாட்டிலும் சொல்கிறார்கள். அது பொய். எழுந்து நின்றவன் நான். மங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். என் வேட்டியைப் பிடித்து இழுத்தவள் அவள்தான். தான் விழும்போது என்னையும் இழுத்துப் போகக் கூடாதென்று பிடியை விட்டவளும் அவள்தான்.