கேட்டுச்சு, சார்

பல்கலைக்கழக நூலகத்துக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டிய இரண்டு சிறிய அறைகளில் மனோசக்தி ஆய்வு மையம் இருபத்திரண்டு ஆண்டுகளாக இயங்கி வந்தது. இயங்கி வந்தது என்று ஆண்டறிக்கையில் போட்டிருந்தார்கள். அடுத்தவர் மனத்தில் ஓடுவதை அறியக்கூடிய ஒரே ஓர் ஆள்கூட இதுவரை அங்கே அகப்படவில்லை. அதற்காக மையத்தின் தலைவரான பேராசிரியர் மனம் தளர்ந்தாரா என்றால், இல்லை. இல்லாத பொருளைத் தேடுவதில் ஒரு நிம்மதி உண்டு. கிடைத்துத் தொலைத்து வேலை போய்விடுமோ என்ற பயம் கிடையாது.

மையத்தில் அவரோடு சேர்த்து மூன்று பேர். இரண்டாமவரை எல்லோரும் 'அனுப்புநர்' என்றே அழைத்தார்கள். அவருடைய வேலை அப்படி. ஓர் அறையில் உட்கார்ந்து, குலுக்கிய இருபத்தைந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். வட்டம், சதுரம், கூட்டல் குறி, அலை, நட்சத்திரம் என்று ஐந்து படங்களில் ஏதாவது ஒன்று இருக்கும். அதை அடுத்த அறையில் கண்கட்டி உட்கார்ந்திருப்பவருக்கு மனத்தாலேயே அனுப்ப வேண்டும். பதினெட்டு வருடமாக அனுப்பிக்கொண்டிருந்தார். எதுவும் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை.

சென்ற ஆண்டு பேராசிரியர் இதில் ஒரு முன்னேற்றம் செய்தார். வெறுமனே நினைத்தால் போதாது, படத்தைத் தாளில் பென்சிலால் வரைந்தபடி நினைத்தால் எண்ணத்துக்கு அழுத்தம் கூடும் என்றார். அனுப்புநர் சொன்னதைச் செய்கிறவர். சொன்னதற்கு மேலும் செய்கிறவர். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி வரைந்தார். அவருடைய மேஜை இரண்டு அறைகளுக்கும் நடுவிலிருந்த ஒட்டுப்பலகைத் தடுப்போடு சேர்த்துப் போடப்பட்டிருந்தது. அந்தப் பக்கம் கண்கட்டியவரின் சாய்வு நாற்காலியும் அதே பலகையில்தான் சாய்ந்திருந்தது. இடப் பற்றாக்குறை.

மூன்றாவது ஆள், நான்கு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த புள்ளியியல்காரி. பட்டப்பெயர் 'கால்குலேட்டர்'. யார் எத்தனை சீட்டு சரியாகச் சொன்னார்கள் என்று கூட்டிப் பார்ப்பது அவள் வேலை. குருட்டாம்போக்கில் சொன்னாலே இருபத்தைந்துக்கு ஐந்து சரியாக வரும். ஐந்துதான் வந்தது. வருகைப் பதிவுக்காக வந்து உட்காரும் மாணவர்கள், கண்ணைக் கட்டியதும் தூங்கிவிடுவார்கள், அல்லது இருபத்தைந்துக்கும் 'நட்சத்திரம்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கும் ஐந்துதான் வந்தது.

இந்த நிலையில்தான் மெக்கானிக் வந்து சேர்ந்தார்.

பல்கலைக்கழகத்துக்கு எதிர்த் தெருவில் இருசக்கர வண்டிகள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, "டைமிங் செயின் தளர்ந்திருக்கு, வரட்டும்" என்று ஸ்பானரைக் கையில் எடுப்பவர். ஆனால் வீட்டில் மனைவி மூன்று தடவை கூப்பிட்டால் ஒரு தடவைகூடத் திரும்ப மாட்டார். "ஏங்க, காது அவிஞ்சு போச்சா? முதல்ல போய் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க" என்று அவள் தினமும் பிடுங்கியெடுத்தாள். அப்போதுதான் பல்கலைக்கழக மதில்சுவரில் ஓர் அறிவிப்பைப் பார்த்தார்: 'புலன் ஆய்வுக்கு ஆட்கள் தேவை. கட்டணம் இல்லை.' கட்டணம் இல்லாத காது டெஸ்ட்டை யார் விடுவார்கள்?

கண்ணைக் கட்டி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதற்காக என்று விளக்கவில்லை. விளக்கினால் ஆய்வின் தூய்மை கெட்டுவிடும் என்பது பேராசிரியரின் கொள்கை. ஐந்து படங்களின் பெயரை மட்டும் சொல்லி, "மணி அடிச்சதும் எதுன்னு தோணுதோ சொல்லுங்க" என்றார். மெக்கானிக் தலையைப் பலகையில் நன்றாகச் சாய்த்துக்கொண்டார்.

இருபத்தைந்துக்குப் பதினேழு.

மெக்கானிக்கின் கண்கட்டைப் பேராசிரியரே ஓடி வந்து அவிழ்த்தார். "எப்படிங்க தெரிஞ்சுது?"

"கேட்டுச்சு, சார்."

"கேட்டுச்சா? எங்கேருந்து?"

மெக்கானிக் தலைக்குப் பின்னால் கையைக் காட்டினார். "இந்தப் பக்கத்துலேருந்து."

'பின்மண்டைப் பகுதி' என்று பேராசிரியர் குறித்துக்கொண்டார்.

"மெல்லத்தான் கேட்டுச்சு. ஆனா தெளிவா இருந்துச்சு. அந்த நட்சத்திரம் மட்டும் கொஞ்சம் குழப்பம் சார்."

"இருக்கும், இருக்கும். சிக்கலான வடிவம். எண்ணம் சிதறும்."

"அப்ப என் காதுல கோளாறு ஒண்ணும் இல்லையே?"

"கோளாறா! உங்களுக்கு இருக்கறது சாதாரணக் காது இல்லைங்க!"

மெக்கானிக் பூரித்துப்போய் வீட்டுக்குப் போனார். பல்கலைக்கழகமே சான்று கொடுத்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னார். கொத்துமல்லி வாங்கி வரச் சொன்னது மட்டும் ஏன் அந்தக் காதில் விழவில்லை என்று அவள் கேட்டாள். அதுவும் அவர் காதில் விழவில்லை.

மூன்று வாரத்தில் பன்னிரண்டு சோதனைகள் நடந்தன. சராசரி பதினெட்டு. கால்குலேட்டர் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இது தற்செயலாக நடப்பதற்கான வாய்ப்பைத் தசமத்தில் எழுதப்போனால் பூஜ்யங்களுக்கே ஒரு முழுத் தாள் தேவைப்பட்டது. சீட்டுகளைத் தடவிப் பார்த்தாள். குலுக்கும் முறையைச் சோதித்தாள். எங்காவது கண்ணாடி இருக்கிறதா என்று தேடினாள். எல்லாம் சரியாக இருந்தது. மெக்கானிக்கிடமே கேட்டிருக்கலாம். ஆனால் கணக்குப் போடுகிறவர் ஆய்வுக்கு உட்படுகிறவரோடு பேசக் கூடாது என்பதும் பேராசிரியரின் கொள்கை. அந்த அறையில் கொள்கைகளுக்கு மட்டும் இடப் பற்றாக்குறை இல்லை.

கட்டுரை வெளிவந்தது. 'ஆய்வுக்கு உட்பட்டவர் மன அலைகளைப் பின்மண்டை வழியாக ஒலியாக உணர்கிறார்' என்று அதில் இருந்தது. ஒரு பத்திரிகைக்காரர் அதைப் படித்துவிட்டு, 'மனசைக் கேட்கும் மெக்கானிக்' என்று படத்தோடு போட்டார். அதோடு தொலைந்தது மெக்கானிக்கின் நிம்மதி.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் முப்பது பேர். ஒருவரும் வண்டி கொண்டு வரவில்லை. தொலைந்த வளையல் எங்கே, மருமகள் மனத்தில் என்ன இருக்கிறது, முதலாளி வேலையை விட்டு எடுத்துவிடுவானா என்று கேட்டார்கள். "எனக்குத் தெரியாதுங்க" என்றால், "பெரிய மனுஷன், எவ்வளவு அடக்கம் பாரு" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொன்னார்கள்.

வீட்டில் வேறு கதை. "இருபது வருஷமா என் மனசுல என்ன இருக்குன்னு தெரியாத ஆளு, ஊரான் மனசுல இருக்கறது மட்டும் கேட்குதாக்கும்" என்று மனைவி ஆரம்பித்தாள். "சரி, சொல்லுங்க பார்ப்போம். நான் இப்ப என்ன நினைக்கிறேன்?"

"என்னைத் திட்டணும்னு நினைக்கிறே."

அவள் முகம் வெளுத்தது. அன்றிலிருந்து அவர் இருக்கும் அறையில் அவள் அதிகம் உட்காரவில்லை. நினைக்கக்கூட பயமாக இருக்கிறது என்று தன் அக்காவிடம் போனில் சொன்னாள். அது மெக்கானிக்கின் காதில் தெளிவாக விழுந்தது.

ஆனால் அவரை உண்மையில் அசைத்தது இதெல்லாம் அல்ல. கூட்டத்தில் ஓர் அம்மாள் தினமும் வந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள். மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. அவள் மற்றவர்களைப் போல நச்சரிக்கவில்லை. கடை பெஞ்சில் உட்கார்ந்து, மகனின் சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் நேரம் வரை அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஏழாம் நாளும் கிளம்பும்போது வழக்கம்போல, "ஒண்ணும் கேட்கலையா தம்பி?" என்றாள்.

"இன்னும் கேட்கலைம்மா."

"பரவாயில்ல. நாளைக்கு வரேன். ஒருவேளை தூரமா இருக்கானோ என்னவோ."

மெக்கானிக் கடையை அப்படியே விட்டுவிட்டு மையத்துக்கு ஓடினார். பேராசிரியர் இல்லை. கால்குலேட்டர் மட்டும் இருந்தாள்.

"மேடம், ஒரு காது டெஸ்ட்ல பாஸ் ஆனது அவ்வளவு பெரிய குத்தமா? எதுக்கு என்னை இந்தப் பாடு படுத்துறீங்க?"

"என்ன காது டெஸ்ட்?"

"நீங்க வச்ச டெஸ்ட்தான். அந்தப் பக்கம் சார் பென்சில்ல வரையறாரு, இந்தப் பக்கம் நான் கேட்டு எதுன்னு சொல்றேன். ஒரே இழுப்பா வந்தா வட்டம். ரெண்டு கோடுன்னா கூட்டல். நாலு தடவை நின்னு நின்னு வந்தா சதுரம். வழுக்கிட்டே போனா அலை. இதுல என்ன மேடம் மந்திரம் இருக்கு?"

கால்குலேட்டர் கொள்கைகளையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அனுப்புநரை வரையச் சொன்னாள். தானே கண்ணைக் கட்டிக்கொண்டு பலகையில் தலை சாய்த்தாள். சர்ர்... சரக், சரக்... அவளுக்குப் பதினொன்று சரியாக வந்தது. மையத்தின் வரலாற்றிலேயே இரண்டாவது பெரிய மனோசக்தி அவளுடையதுதான்.

பேராசிரியரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒரே ஒரு சோதனையை வச்சு முடிவுக்கு வரக் கூடாதும்மா. அது அறிவியல் இல்ல."

"சார், அவரே சொல்றாரு, பென்சில் சத்தம்னு."

"அவருக்கு அப்படித் தோணுது. மனசு தன்னோட சக்தியைத் தன்கிட்டேயே மறைக்கும். பென்சில் சத்தமா கேட்குதுன்னு அவரை நம்ப வைக்கறதே அந்த சக்திதான்னு ஏன் இருக்கக் கூடாது?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, தாழ்ந்த குரலில், "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ் இருக்கும்மா" என்றார்.

பேராசிரியர் பொய்யர் அல்ல. பொய்யராக இருந்திருந்தால் முதல் வருடமே ஓர் ஆளைக் கண்டுபிடித்திருப்பார்.

அடுத்த வாரம் மையத்தைத் தொடர்ந்து நடத்தலாமா என்று முடிவு செய்ய மூவர் குழு வந்தது. மெக்கானிக்கை அழைத்து வந்து நிறுத்தினார்கள். அவர் நாற்காலியில் உட்காரவில்லை.

"ஐயா, எனக்கு யார் மனசும் கேட்காது. என் பொண்டாட்டி மனசே கேட்காது. பென்சில்தான் கேட்குது. தயவுசெஞ்சு அதைப் பேப்பர்ல போட்டுடுங்க."

குழுவில் ஒரு வயதான இயற்பியல்காரர் இருந்தார். அதுவரை தூங்குவதுபோல் தெரிந்தவர், தன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அனுப்புநரிடம் நீட்டினார். "இதுல வரைங்க."

மெக்கானிக் கண்ணைக் கட்டிக்கொண்டு பலகையில் தலை சாய்த்தார். சத்தமே இல்லை. இருபத்தைந்துக்கு நான்கு. மெக்கானிக் கண்கட்டைக் கழற்றிவிட்டு எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். வாழ்க்கையில் எந்தத் தேர்விலும் தோற்று இவ்வளவு சந்தோஷப்பட்டவர் இருக்க முடியாது.

இதோடு முடிந்தது என்று கால்குலேட்டர் நினைத்தாள். பேராசிரியர் எழுந்தார்.

"பார்த்தீங்களா? மூணு வாரமா பதினெட்டு. இன்னைக்கு நாலு. என்ன மாறிச்சு? பேனாவா? இல்ல. சந்தேகம்! சந்தேகப்படறவங்க ரெண்டு பேர் இந்த அறையில இருக்காங்க. இவ்வளவு பெரிய சக்தியை ஒரு நொடியில அணைச்சுப் போடுற அந்தச் சந்தேகம் எவ்வளவு பெரிய சக்தியா இருக்கணும்!"

குழு பக்கத்து அறையில் அரை மணி நேரம் கலந்து பேசியது. இயற்பியல்காரர் தனித்து எழுதிய மறுப்பைப் பின்னிணைப்பில் போட்டுக்கொள்ள மற்ற இருவரும் பெருந்தன்மையோடு சம்மதித்தார்கள். 'சந்தேகத்தின் மனோசக்தி' என்ற புதிய துறையில் மேலும் மூன்று ஆண்டு ஆய்வு நடத்த அனுமதி கிடைத்தது. முதல் ஆய்வுப் பொருளாகக் கால்குலேட்டரின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. அவள் உட்கார்ந்து சந்தேகப்படுவதற்கென்று ஒரு நாற்காலிகூட வாங்கினார்கள். அது வந்து இறங்கிய அன்று அவள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். அவளை நாற்காலி வரைகூட வரவிடாமல் தடுத்த ஆற்றல் எதுவாக இருக்கும் என்று பேராசிரியர் ஒரு புதிய குறிப்பேட்டைத் திறந்தார்.

பத்திரிகை மறுப்பு எதுவும் போடவில்லை. ஆனாலும் வளையல் கிடைக்காதவர்கள் எத்தனை நாள் வருவார்கள்? கூட்டம் தானாகக் கரைந்தது. தபால் நிலைய அம்மாள் மட்டும் வந்துகொண்டிருந்தாள்.

மெக்கானிக் ஒரு நாள் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அம்மா, எனக்கு அந்த மாதிரி சக்தி எதுவும் கிடையாது. நம்பாதீங்க."

"தெரியும் தம்பி. ரெண்டாவது நாளே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் வர்றீங்க?"

"மத்தவங்க எல்லாரும் அவனை மறந்துடுன்னு சொல்றாங்க. நீங்க மட்டும்தான் தினமும் 'இன்னும் கேட்கலை'ன்னு சொன்னீங்க."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு யோசித்தார். "வீட்டை விட்டு எதுல போனான்?"

"அவங்க அப்பா வண்டியில."

எந்த வண்டி என்று கேட்டார். சொன்னாள். மெக்கானிக் நிமிர்ந்தார். அந்த வகை வண்டி தயாரிப்பு நின்று பதினைந்து வருடம் ஆகிறது. நாடு முழுக்கத் தேடினாலும் அதற்குப் பிஸ்டன் ரிங் வைத்திருக்கும் கடைகள் ஏழோ எட்டோதான். மூன்று வருடமாக அதை ஓட்டுகிறவன் ரிங் மாற்றாமல் இருக்கவே முடியாது.

எட்டுக் கடைக்கும் போன் போட்டார். அந்தக் கடைகள் சொன்ன மெக்கானிக்குகளுக்குப் போட்டார். வண்டி எண்ணைச் சொன்னார், நிறத்தைச் சொன்னார். பதினொரு நாள் ஆயிற்று. வேறொரு ஊரில், மரக்கடை ஒன்றில் ரம்பம் ஓட்டுகிறவன் அந்த வண்டியைப் போன மாதம்தான் கொண்டு வந்தான் என்று ஒருவர் சொன்னார். மெக்கானிக் அவனைப் போனில் பிடித்தார். திரும்பி வர மாட்டேன் என்றான் அவன். "வர வேண்டாம். போன் பண்ணு. அது போதும்" என்றார். எதிர்முனையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் அம்மாள் கடைக்கு வந்தாள். கையில் சட்டை இல்லை. கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் கணீரென்று இருந்தது.

"பண்ணினான் தம்பி. மூணு வருஷத்துக்கு அப்புறம் நாலு நிமிஷம். அதுல மூணு நிமிஷம் 'ம்' கொட்டினான். வண்டி புகையுதாம், அதைப் பத்தி ஒரு நிமிஷம் பேசினான்."

"திட்டினீங்களா?"

"பின்னே? ஞாயித்துக்கிழமை மறுபடி பண்றேன்னிருக்கான். அன்னைக்குத்தான் மீதியைத் திட்டணும்" என்றாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து, முத்திரை மை படிந்த விரல்களால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேகமாக நடந்தாள்.