எட்டாவது ஸ்டேஜ்

மாப்பிள்ளை பார்க்கிற விஷயத்தில்கூட பிளசி இத்தனை அலசியதில்லை. வந்த வரன்களை இரண்டே நாளில் தட்டிக் கழித்தவள், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கேம் பெட்டி வாங்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய டிவி கேம்களையெல்லாம் ஒரு சின்ன மெமரி கார்டில் அடைத்து, கையில் பிடித்து ஆடுகிற மாதிரி இப்போது விதவிதமாக வருகிறது. ஏரியூரில் ஒரு இ-சேவை மையத்தில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. சாதிச் சான்றிதழ், பட்டா என்று வந்து நிற்கும் கூட்டம் கரைந்ததும் டிராயரிலிருந்து ஒரு நோட்டு வெளியே வரும். அதில் பதினோரு மாடல்கள். எதற்கு ஸ்கிரீன் பெரிசு, எதற்கு பேட்டரி நிற்கும், எதன் பட்டன் மழுங்கும் என்று எல்லாம் எழுதி வைத்திருந்தாள். அரசுத் தேர்வுக்குப் படித்திருந்தால் இந்நேரம் தாலுகா ஆபீசில் உட்கார்ந்திருப்பாள், போகட்டும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஓசூரிலிருந்து அண்ணன் ஆண்டோவின் போன் வரும். அங்கே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நலம் விசாரிப்பு அரை நிமிடம், மிச்சமெல்லாம் இந்தப் பேச்சுதான்.

"நீட்டு ஸ்கிரீன் வேணாம் பாப்பா. நம்ம கேமு சதுரம். ரெண்டு பக்கமும் கறுப்பா விட்டுடும்."

"அப்ப அந்த நெட்டுக்குத்தா நிக்கிறது?"

"ஐயையோ, அது ஆவாது. அர மணி நேரத்துல கட்ட வெரலு செத்துப் போவும்."

"உனக்கெப்படிண்ணா தெரியும்?"

"யூடியூப்ல சொன்னாங்க."

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன? அவன் ஆண்டோ.

இந்தக் கூத்தெல்லாம் ஒரே ஒரு கேமுக்காக. அவளுக்குப் பன்னிரண்டு, அவனுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது அப்பா யாகப்பன் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். கேசட்டில் குடை பிடித்த ஒரு குள்ளன் ஓடுவான், தாவுவான், மொத்தம் எட்டு ஸ்டேஜ். ஒற்றைப்படை அவளுக்கு, இரட்டைப்படை அவனுக்கு. விட்ட இடத்திலிருந்து தொடர வழி கிடையாது, நிறுத்தினால் முதலிலிருந்துதான். அந்த வருஷங்களில் கரண்டு இருந்ததைவிட இல்லாத நேரம்தான் அதிகம். எத்தனை முறை ஆடியிருப்பார்கள்! ஒரே ஒரு தடவை எட்டாவதின் கடைசியில் ஒரு கறுப்புக் கதவு வரைக்கும் போனார்கள். குள்ளன் கதவில் கால் வைக்கப் போனான், பாழாய்ப்போன கரண்டு போய்விட்டது. திரும்பி வந்த கரண்டில் அடாப்டர் புகைந்தது. அப்பா வேறு வாங்கித் தரவில்லை.

அன்றைக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், மாதா படத்தின் முன்னால் இருவரும் சத்தியம் செய்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தாலும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். ஒருத்தர் இல்லாமல் ஒருத்தர் பார்க்கக் கூடாது. சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நீங்கள் சொல்வீர்கள். பிளசியிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறுக்கு ஆண்டோவும் அவன் மனைவி மோனிஷாவும் வந்தார்கள். பூசை முடிந்து வீடு வந்ததும் ஆண்டோ வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குருத்தோலையில் சிலுவை பின்ன ஆரம்பித்தான். சமையலறையில் மோனிஷா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எந்த மாடல் என்று பிளசி அன்று காலையில்தான் முடிவு செய்திருந்தாள். போனை நீட்டினாள்.

"அண்ணி, இதத்தாங்க ஆர்டர் போடப் போறேன். ஈஸ்டருக்கு நீங்க வர்றப்ப கையில இருக்கும்."

மோனிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இதேதான உங்கண்ணன் வெச்சிருக்காரு. தீபாவளி போனஸ்ல வாங்கினது. அதுக்கு முன்னாடி நெட்டுக்குத்தா ஒண்ணு வாங்கி, வெரலு வலிக்குதுன்னு வித்துட்டாரு. ஏன், உங்கிட்ட சொல்லலியா?"

பிளசி மனதுக்குள் கணக்குப் போட்டாள். தீபாவளி போய் ஐந்து மாதம். எதை வாங்கலாம் என்று அண்ணனும் தங்கையும் பேச ஆரம்பித்தே மூன்று மாதம்தான்.

"அதுல குடைக்காரன் கேமு இருக்குதாங்கண்ணி?"

"அத ஆடறதுக்குத்தான வாங்கினாரு! ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம், எட்டாவது கதவு தொறந்துடுச்சு மோனின்னு கத்தினாரு பாரு, கீழ்வூட்டுக்காரங்களே ஓடியாந்துட்டாங்க. கூப்புட்டுக் காட்டினாரு. அப்புறம் என்னவோ மூஞ்சி தொங்கிப் போச்சு."

மோனிஷாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்கு என்ன தெரியும், பாவம். பிளசி விடுவிடுவென்று வெளியே போனாள்.

"எட்டாவது ஸ்டேஜ் முடிச்சிட்டியாண்ணா?"

ஓலையைத் திருப்பிக்கொண்டிருந்த ஆண்டோவின் கை நின்றது. அவன் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது அவளுக்கு.

"அது வந்து பாப்பா... சும்மா டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்னு..."

"மூணு மாசமா தெனமும் எங்கிட்ட என்னாத்தப் பேசிட்டிருந்த? வாங்கினதுக்கு அப்புறமா எத வாங்கலாம்னு எங்கூட நோட்டுப் போட்டுட்டிருந்தியா? நான் என்ன கூமுட்டையா?"

"உனக்கு அந்தப் பேச்சு அவ்ளோ சந்தோசமா இருந்துச்சு. சொல்லிட்டா நின்னுடுமேன்னுதான் சொல்லல."

"ஓ, எனக்கு வேடிக்கை காட்டுனியா!"

"அப்படியில்ல பாப்பா. எட்டாவது என் முறதான?"

"ஆடறது உன் முற. பாக்கறது என் முற. மாதா மேல சத்தியம் பண்ணினோமே, அதுவும் டெஸ்ட்டுதானா?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் முன்னால் அழக்கூடாது என்கிற வீம்பில் தன் போனைத் திறந்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். அதே குடைக்காரன், அதே ஓட்டைப் பாட்டு.

"அஞ்சு வருசமா என் போன்ல இருக்குது. கண்ணாடியில வெரலு வழுக்கும், இருந்தாலும் ஏழு வரைக்கும் கண்ண மூடிட்டே போவேன். எட்டாவது வந்ததும் நிறுத்திடுவேன். எத்தன நாளு கை துறுதுறுன்னு இருந்துச்சு தெரியுமா? எங்கண்ணன் வரட்டும், நெஜப் பட்டன்லயே ஆடட்டும்னு நிறுத்திடுவேன். யாரு பாக்கப் போறாங்க? நான் பாத்துட்டு, பாக்கலைன்னு சொல்லியிருக்க முடியாதா உன்னாட்டம்?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. வேப்பமரத்தில் எங்கோ ஒரு அணில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"உள்ள என்னண்ணா இருந்துச்சு?" என்றாள். கேட்கக்கூடாது என்று நினைத்தவள்தான், வாய் கேட்டுவிட்டது.

ஆண்டோ ஓலையைக் கீழே வைத்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"ஒண்ணுமில்ல பாப்பா. கதவு தொறக்குது, கறுப்பாவுது. மறுபடியும் மொத ஸ்டேஜு வந்துடுது. அவ்ளோதான். ராணியும் இல்ல, புதையலும் இல்ல. நீ பதினஞ்சு வருசமா ஆசையா இருந்த. உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மனசே வரல. அதான் எத வாங்கலாம், எத வாங்கலாம்னு இழுத்துட்டே இருந்தேன்."

நல்லெண்ணமாம். கேட்கிறவர்களுக்கு அது நல்லெண்ணம் மாதிரியேதான் இருக்கும். பிளசி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடக்கி வைத்திருந்த கண்ணீர் இப்போது தாராளமாக வழிந்தது, அவள் துடைக்கவில்லை.

"மறுபடி மொத ஸ்டேஜு வந்திருந்தா, அய்யய்யே இதுக்காடா இத்தன வருசம்னு ரெண்டு பேரும் வுழுந்து வுழுந்து சிரிச்சிருப்போம்ணா. அன்னிக்கி சாயங்காலம் பூரா சிரிச்சிருப்போம். நீ ஒத்தையாப் பாத்ததாலதான் அது ஒண்ணுமில்லாமப் போச்சு."